அண்ணி கீறலுக்கு ஆடிய கதை

என் அண்ணிக்கு இடுப்பு வலி வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறோம். அண்ணி எனக்கு முன்பே அங்கே இருந்தாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். சலவைத்துணி வண்டிக்குள் குனிந்து ஈரத்துணியை அள்ளி அள்ளி அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டயர் கடை மாடியில் சாயங்காலம் பெண்களுக்கு இடுப்புப் பயிற்சி நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போன பிறகுதான் தெரிந்தது, அது பெல்லி டான்ஸ் வகுப்பு.

"வந்ததும் வந்தோம், ஓரமா நின்னு பார்ப்போம்னு நின்னேன்" என்றாள் அன்றைக்கு. பிறகு ஒரு வாரம்கூட அவள் போகாமல் இருந்ததில்லை.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நாள் முழுக்கப் பிள்ளைகளின் சத்தத்தில் இருப்பதால் அவனுக்கும் வாய் ஓயாது. "இடுப்பு வலின்னு போனா. வலி போயிடுச்சு, இவ வரமாட்டேங்குறா" என்பான்.

"நாப்பது வயசுலதான் எனக்குன்னு ஒரு இடுப்பு இருக்குன்னே தெரியுது. பேசாம சாப்பிடுங்க."

அந்த வருஷம் டீச்சர் ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார். அதுவரை எல்லாமே ஸ்பீக்கரில் போடும் பாட்டுக்குத்தான். இந்தத் தடவை நேரிலேயே மேளம் வாசிக்க ஒருவர் வருகிறார், அவரோடு ஒருத்தி மட்டும் தனியாக ஆடலாம், யார் ஆடுகிறீர்கள் என்று கேட்டாராம். அண்ணி கை தூக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னபோதும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"எதுக்கு அண்ணி?" என்றேன்.

"பள்ளிக்கூட போட்டோல கடைசி வரிசை. கல்யாண போட்டோல உங்க அண்ணன் தோளுக்குப் பின்னாடி பாதி மூஞ்சி. ஒரே ஒரு தடவை, எனக்கு முன்னாடி யாரும் இல்லாம நிக்கணும் கண்ணு."

டீச்சர் பழைய டிஸ்க்கிலிருந்து ஒரு மேளப் பாட்டை எடுத்துப் போனில் அனுப்பினார். அண்ணி அதைச் சமையலறை ஜன்னலில் வைத்துக்கொண்டு ஆடுவாள். காசு மாதிரித் தகடுகள் தைத்த துணி இடுப்பில் குலுங்கும். "யாரோ சில்லறையைக் கொட்டிட்டாங்க போலிருக்கே" என்று அண்ணன் முன்னறையிலிருந்து குரல் கொடுப்பான். பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. மேளம் ஓடிவந்து சட்டென்று டக், டக், டக் என்று ஒரே இடத்தில் நின்று அடித்துவிட்டு எங்கேயோ தாவும். அண்ணி அந்த மூன்று அடிக்கும் இடுப்பை வலப்பக்கம் வெட்டி, தாவும்போது ஒரு சுற்றுச் சுற்றுவாள். பாட்டிலேயே அழகான இடம் அதுதான். பல் தேய்க்கும்போது அண்ணன்கூட அந்த வெட்டை வெட்டிப் பார்ப்பான்.

முதல் ஒத்திகைக்குப் பை தூக்கிக்கொண்டு நானும் போனேன். செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. மேளக்காரர் பகலில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஆள் பெரியவர், மேளம் சின்னது. பூஜாடியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும் அதைத் தொடைமேல் வைத்து, ஒரு கையை மேலே போட்டுக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் வாசித்தார்.

அண்ணி நன்றாகத்தான் தொடங்கினாள். அந்த இடம் வந்தது. அவர் நிற்காமல் வாசித்துக்கொண்டே போனார். அண்ணி மட்டும் நின்று, வெட்டு, வெட்டு, வெட்டு, ஒரு சுற்று. மேளம் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம்.

அவர் கையை எடுத்தார். "அது என்னம்மா?"

"பாட்டுல இருக்குதே அண்ணே. நீங்கதான் விட்டுட்டீங்க."

போனைப் போட்டுக் காட்டினாள். டக், டக், டக். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அது பாட்டு இல்லைங்க. டிஸ்க்ல கீறல்!"

மாடியே அதிரச் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். ஆனால் அவள் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க பாட்டை மனப்பாடம் பண்ணிட்டீங்க. இவரு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வாசிப்பாரு. அதைக் கேட்டு, அந்த நேரத்துல வர்றதை ஆடணும். அடுத்த ஒத்திகையில பார்ப்போம். வரலைன்னா எல்லாரோடயும் சேர்ந்து ஆடிடுங்க, தப்பில்லை."

எல்லாரோடும் என்றால் மறுபடி கடைசி வரிசை.

வீட்டில் அண்ணன் உதவிக்கு வந்தான். தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான். அண்ணி தடுமாறினாள்.

"அடுத்து என்ன அடிக்கப்போறீங்கன்னு சொல்லிட்டு அடிங்களேன்!"

"சொல்லிட்டுக் குத்த இது என்ன ஊசியா?"

"எனக்குத் தெரிய வேணாமா?"

"எனக்கே தெரியாதும்மா. கை போன போக்கு."

கேன் நசுங்கியதுதான் மிச்சம். அண்ணி தகட்டுத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். இரண்டு நாள் அது அங்கேயே தொங்கியது.

எங்கள் வேலை பேசிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. இயந்திரச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. இஸ்திரி போடும் உருளையிலிருந்து படுக்கை விரிப்பு சூடாக வெளியே வரும். அந்தப் பக்கம் இரண்டு முனை அண்ணி, இந்தப் பக்கம் இரண்டு முனை நான். உதறி, மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையைக் கொடுத்து, தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மூன்றாம் நாள் ஓரம் கிழிந்த விரிப்பு ஒன்று வந்தது. கிழிசல் உள்ளே போகட்டும் என்று, வழக்கத்துக்கு மாறாகக் குறுக்கே திருப்பினேன். என் கை திரும்பும்போதே அண்ணியின் கையும் திரும்பிவிட்டது.

நான் வேலையில் அதிகம் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்கு அவள் காதருகே போய்க் கேட்டேன். "நான் திருப்பப்போறேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"உன் தோள்தான். திருப்புறதுக்கு முன்னாடி இடது தோள் ஏறும்ல?" என்றவள் விரிப்போடு அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த விரிப்பு உருளையிலிருந்து வந்து தரையில் குவிந்தது. அதற்கடுத்ததும் குவிந்தது.

"அண்ணி, துணி!"

"இரு கண்ணு. லிஃப்ட்காரருக்கு எந்தத் தோள் ஏறும்?"

இரண்டாவது ஒத்திகையில் அவள் முதலில் செய்த காரியம், மேளக்காரரின் நாற்காலியைத் திருப்பிப் போட்டதுதான். "அண்ணே, என்னைப் பார்த்து உட்காருங்களேன்."

"பார்த்தா பயமா இருக்காதாம்மா?"

"பார்க்கலைன்னாதான் பயமா இருக்கு."

அவர் வாசித்தார். அண்ணி ஆடவில்லை. சும்மா நின்று பார்த்தாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பிறகு மெதுவாக இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. கனமான அடிக்கு முன்னால் அவருடைய வலது தோள் ஒரு மயிரிழை ஏறியது. தோள் இறங்கவும் இடுப்பு விழவும் சரியாக இருந்தது. அவர் புருவத்தைத் தூக்கினார். வேகத்தைக் கூட்டினார், அண்ணி இடுப்பின் குலுக்கலைக் கூட்டினாள். குறும்பாகத் தோளைத் தூக்கி அடிக்காமல் விட்டார். அண்ணியின் இடுப்பு அந்தரத்தில் நின்றது. "ஏமாத்துறீங்களே!" என்றாள், ஆட்டத்தை விடாமல். எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் தவறவிட்டாள். ஆனால் இந்தத் தடவை அவள் கழுத்து சிவக்கவில்லை.

"தனியாவே ஆடுங்க" என்றார் டீச்சர்.

நிகழ்ச்சியன்று நானும் அண்ணனும் இரண்டாம் வரிசை. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மேளக்காரர், அண்ணி. அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டான். அன்று அவள் ஆடியதில் ஒன்றைக்கூட நான் சமையலறையில் பார்த்ததில்லை. அவர் விரல் நுனியால் சொரசொரவென்று உரசினார், அவளுக்கு வயிறு மட்டும் தண்ணீர் மாதிரி அலைந்தது. அவர் அடுத்த கனத்த அடிக்குத் தோளைத் தூக்கினார்.

அண்ணி அதற்குக் காத்திருக்கவில்லை. நின்றாள். மேளமும் நின்றது. அந்த அமைதியில் அவள் இடுப்பு வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. தகடுகள் மட்டும் சத்தம் போட்டன. மேளக்காரருக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது வெட்டுக்கு டக். மூன்றாவதற்கும் டக். அண்ணி ஒரு சுற்றுச் சுற்ற, மேளம் அவள் பின்னாலேயே தாவி ஓடியது.

"கீறல்! கீறல்!" அண்ணன் எழுந்து நின்று கத்தினான். பின்வரிசைக்காரர் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மறுநாள் வேலைக்குப் போனோம். விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. அண்ணி எதிர்முனையில் நின்று என் தோளைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே அதைத் தூக்கிவிட்டுத் திருப்பாமல் இருந்தேன். அவள் கை பாதி திரும்பி நின்றது. சத்தத்தில் கேட்கவில்லை, ஆனால் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது: "நீயுமாடி?"