டயரைத் தட்டியபோது கேட்ட குரல்

என் வண்டிக்கு அடியில் ஒரு மனிதன் தூங்கிக்கொண்டிருந்தான். அது தெரியாமல் வண்டியை எடுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டேன். இறங்கு என்று ஆண்டவர் சொன்னார். மாட்டேன் என்றேன். நம் அன்பியச் செபக்கூட்டத்துச் சொந்தங்கள் முன்னால் இதைத்தான் சாட்சியாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் சேவியர். ராயபுரத்தில் குடியிருக்கிறேன். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் வண்டிகள் எப்படி வரிசை கட்டி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே சமைப்போம், குளிப்போம், சண்டை போடுவோம். அந்த ரோட்டில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. வெயில் ஏறினால் கன்டெய்னர் ஏற்றிய வண்டிக்கு அடியில்தான் நிழல், காலி டிரெய்லர் வெறும் சட்டம். அங்கே துண்டை விரித்துப் படுப்போம்.

அதற்கு எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. படுக்கிறவன் வண்டி டிரைவரிடம் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும். டிரைவர் எடுப்பதற்கு முன்னால் இறங்கி, இரும்புக் கம்பியால் டயரைத் தட்ட வேண்டும். சுற்றிலும் எஞ்சின்கள் உறுமிக்கொண்டே இருப்பதால் எஞ்சின் சத்தத்துக்கு எவனும் எழுந்திருக்க மாட்டான். டயரைத் தட்டினால் எழுந்துவிடுவான்.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை. என் மகள் ஜெனிக்கு அன்று சாயங்காலம் புதுநன்மை, பூசையில் முதல்முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் ஒரே ஒரு செபம்தான் செய்தேன். "ஆண்டவரே, இன்னிக்கு லைன் சீக்கிரம் நகரணும்." என் மனைவி ஸ்டெல்லா என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வேறு மாதிரி வேண்டினாள். "அப்பா, வண்டிய இவரு ஓட்டட்டும். இவர நீ ஓட்டு." நான் சிரித்துக்கொண்டே ஆமென் என்றேன்.

மத்தியானம் வரை லைன் அசையவில்லை. ஃபோனில் ஜெனி அழாத குறை. "நைனா, வெள்ளை கவுன் போட்டுப் பாத்தேன். நீ வருவல்ல?" வருவேன், வருவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஃபோனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் முன்னால் நின்ற வண்டி கிளம்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. செபம் கேட்கப்பட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லி எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். கம்பி சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. தட்டத் தோன்றவே இல்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லையே!

அப்போதுதான் அது வந்தது. காதில் குரல் எதுவும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு நெருக்கல். இறங்கு.

எதற்கு இறங்குவது? முன்னால் இடைவெளி விழுந்துவிட்டது. உடனே நகராவிட்டால் பக்கத்தில் இருப்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் காலியாக நின்ற டிரெய்லரில் டிரைவர் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

மறுபடியும், இறங்கு. எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் புதுநன்மைக்குப் போகவிடாமல் சாத்தான்தான் சோதிக்கிறான் என்று நினைத்தேன். சிலுவை அடையாளம் போட்டு, "இயேசுவின் பெயரால் போ!" என்று சத்தமாகவே விரட்டினேன். யாரை விரட்டினேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கியரைப் போட்டேன். கிளட்சை விட வேண்டியதுதான் பாக்கி. கால் வரவில்லை. வலி இல்லை, மரத்தும் போகவில்லை. மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். திடீரென்று ஸ்டெல்லாவின் செபம் ஞாபகம் வந்தது. இவர நீ ஓட்டு. அதற்கு ஆமென் சொன்னது நான்தானே? "சரிப்பா, பூசை போனா போகட்டும்" என்று எஞ்சினை அணைத்தேன்.

சும்மா இறங்கினால் பின்னால் இருப்பவர்கள் திட்டிக் கிழித்துவிடுவார்கள். டயரில் காற்று பார்க்கிற மாதிரி பாவனை செய்யலாம் என்று கம்பியை எடுத்துக்கொண்டேன். பின்டயரை ரெண்டு தட்டு தட்டினேன்.

"இன்னா மாமு, லைன் வுட்டானா?"

கீழே இருந்து குரல். தூக்கக் கலக்கத்தில், சாவகாசமாக.

என் கையிலிருந்து கம்பி விழுந்தது. குனிந்து பார்த்தேன். பின்னால் நின்ற காலி டிரெய்லரின் டிரைவர், வியாசர்பாடி குமார். டயரை ஒட்டித் தலை வைத்துப் படுத்திருந்தான். அவன் தலைக்கும் டயருக்கும் நடுவில் என் கை நுழையாது. டயருக்கு முன்னால் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தான். கோயிலுக்குள் போகிறவன் வைக்கிற மாதிரி.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஏன் மாமு இப்டி முழிக்கிற? நான் உன்கிட்ட சொல்லிகினுதானே படுத்தேன்? நீ ஃபோன் பேசிகினு இருந்த. தலையக் கூட ஆட்டினியே."

ஐயோ! ஜெனியிடம் வருவேன், வருவேன் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேனே, அப்போதுதான் அவன் வந்து சொல்லியிருக்கிறான். என்னை நம்பித்தான் கண்ணை மூடியிருக்கிறான்.

என்ன நடக்க இருந்தது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். குமார் நம் மதத்துக்காரன் இல்லை. போய்த் தன் செருப்பை எடுத்து ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தான். அதற்குள் வண்டிகள் எங்களைத் திட்டிக்கொண்டே முந்திப் போயின. முழு லைனும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது திருப்பலி முடிந்து எல்லாரும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "இன்னாய்யா, எங்கனா இடிச்சிட்டியா?" கோயில் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னேன். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெனி மெல்லப் பக்கத்தில் வந்தாள். "அந்த அங்கிள் வூட்டுக்குப் போயிட்டாரா?"

"போயிட்டாரும்மா."

"அப்ப சரி" என்று சொல்லி என் மடியில் உட்கார்ந்தாள். வெள்ளை கவுனெல்லாம் என் கிரீஸ்.

லைன் சீக்கிரம் நகர வேண்டும் என்ற என் செபம் பலிக்கவில்லை. பலித்திருந்தால் இன்று நான் ஜெயிலில் இருந்திருப்பேன், குமார் கல்லறையில் இருந்திருப்பான். ஸ்டெல்லாவின் செபத்துக்குத்தான் ஆண்டவர் பதில் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் போதாது.

இப்போது வண்டியை எடுக்கும்போதெல்லாம், கீழே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கிப் போய்த் தட்டுகிறேன். "சேவியர் பூசை மணி அடிக்கிறாருடா" என்று லைனில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். எல்லாரையும்விடக் குமார்தான் அதிகம் கிண்டல் செய்கிறான், அதுவும் இறங்கித் தன் வண்டி டயரைத் தட்டிவிட்டுத்தான்.

சொந்தங்களே, ஆண்டவர் நம்மை நடத்தும்போது நாம் காரணம் கேட்கிறோம். நானும் கேட்டேன். உங்கள் அவசரத்தின் நடுவில் அவர் இறங்கு என்று சொன்னால், தயவுசெய்து இறங்கிவிடுங்கள். காரணம் உங்களை நம்பிக் கீழே தூங்கிக்கொண்டிருக்கலாம்.