நானாவின் காலோடு மாத்தளையிலிருந்து மெட்ராஸுக்கு

வைத்தியத்துக்காக இந்தியா போக இருப்பவர்கள், எந்த வழி நல்லது, என்ன எடுத்துப் போக வேண்டும் என்று எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். என் முதல் இந்தியப் பயணமே அப்படிப்பட்டதுதான். அறுபதுகளின் தொடக்கம், இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பல்லேகமவில் மிளகு வியாபாரம் செய்துகொண்டிருந்த என் அண்ணனின், நாங்கள் சொல்வதுபோல் நானாவின், இடது கால் ஒரு காலையில் திடீரென்று வெளுத்துக் குளிர்ந்தது. வலியில் துடித்தார். காலுக்கு ரத்தம் போகவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பனி பிடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்தே இரண்டு நாளைக் கடத்தினோம்.

மூன்றாம் நாள் மிளகு லொறியில் மாத்தளைக்குப் புறப்பட்டோம். நாற்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்து மணித்தியாலம் பிடித்தது. மதினிக்கு நிறைமாதம், அதனால் துணைக்கு நான். வழியில் ரிவர்ஸ்டன் மேட்டில் மூடுபனி லொறிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னால் பாதை இல்லை, பின்னால் மலை இல்லை, மிளகு வாசம் மட்டும் இருந்தது.

“நோனா, முன்னுக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்சம் நிப்பாட்டுறேன்,” என்றார் ட்ரைவர் என்னிடம்.

என் மடியில் கிடந்த காலை நானா அதிசயமாகப் பார்த்தார். “இது யார்ட கால் தங்கச்சி? என்ட மாதிரியே இல்ல,” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாத்தளையில் பார்த்த டாக்டரும் பிறகு கண்டியில் பார்த்தவரும் காலை எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். மெட்ராஸில் ஒரு டாக்டர் நின்றுபோன ரத்தத்தைத் திரும்ப ஓட வைக்கிறாராம் என்று மாத்தளைக் கடைத்தெருவில் யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன.

மாத்தளையிலிருந்து கண்டிக்கு ரயில், பொல்காவலையில் மாறித் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் கிட்டத்தட்ட இருபத்திரண்டு மைல், இரண்டு மணித்தியாலம். காய்ச்சலில் கிடந்த நானா வெள்ளையாகக் கிடந்த கடலை ரிவர்ஸ்டன் பனி என்று நினைத்துவிட்டார்.

“லொறி இன்னும் நிக்குதா?”

“ஓடுது நானா, படுங்க.”

தூக்கமில்லாமல் கிடந்த எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. மலை எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று இன்றைக்குக் கேட்டாலும் சரியாகச் சொல்லமாட்டேன்.

தனுஷ்கோடியிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்த மெட்ராஸ் டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். “அடைப்பை எடுக்கலாம்மா, அன்னைக்கே வந்திருந்தா. இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். நாளைக்கே செய்யலேன்னா ஆளே போயிடுவாரு.”

நானா மறுத்துவிட்டார். வெட்டுக்குப் பயந்து அல்ல. முஸ்லிம்களான எங்களில் உடம்பிலிருந்து எடுத்த உறுப்பையும் வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கம் செய்வார்கள்.

“வெட்டுறதுன்னா மாத்தளைல வெட்டட்டும். வாப்பாட பக்கத்துல அடக்கலாம். கால இங்க விட்டுட்டு நான் அங்க மௌத்தானா, மௌத்தானவங்க எல்லாரும் எழும்புற கியாமத் நாள்ல நான் எப்படி எழும்புவேன்?”

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. “ரெண்டு மணித்தியாலக் கடல் நானா! நாமளே தாண்டி வந்துட்டோம். ஒங்க கால ஒங்ககிட்ட சேர்க்க அல்லாஹ்வுக்குக் கப்பல் டிக்கெட் வேணுமா?”

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி, வெட்டச் சொல்லு,” என்றார்.

மறுநாள், வெட்டிய காலைச் சுற்றிய அந்தச் சின்னப் பொதியை, ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனார். பெண்கள் உள்ளே போவதில்லை, நான் வாசலில் நின்றேன். திரும்பி வந்து, “கவலைப்படாதீங்கம்மா, நம்ம ஆளுங்க நடுவுலதான் வச்சிருக்கோம்,” என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். கை, கால் திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, வலித்தால் எண்ணெய் தேய்க்காதீர்கள், சூடு வைக்காதீர்கள், கடல் கடந்து டாக்டர் தேடாதீர்கள். அந்த நிமிஷமே பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இந்த நோயில் நாள் கணக்கில்லை, மணிக்கணக்குதான். வேறு நோய்க்காகப் போகிறவர்கள், நோயாளியைச் சிரிக்கவைக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

நானா மரக்காலோடு இன்னும் முப்பது வருஷம் மிளகு விற்றார். கடைக்கு வருகிறவர்கள் இந்தியாப் பேச்சை எடுத்தால், “மெட்ராஸ்ல எனக்குக் கொஞ்சம் காணி இருக்கு,” என்பார். எவ்வளவு என்று கேட்டால் கையை விரித்து ஒன்றரை முழம் காட்டுவார். கடை முழுக்கச் சிரிக்கும். நான் உள்ளே போய்விடுவேன்.