முனிரத்தினம் கேட்ட ஒரே பாட்டு

முனிரத்தினம் போன வாரம் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன வால்வு ஆம்ப்ளிபயரைத் திறந்ததும் கருகிய டிரான்ஸ்பார்மரின் வார்னிஷ் வாசனை எழுந்து, கும்மிடிப்பூண்டியில் அவருக்குச் சொந்தமாயிருந்த, நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனது. அங்கே இப்போது குடோன் நிற்கிறது. ஞாயிறுதோறும் அப்பா தன் ஆம்ப்ளிபயரைப் போட்டதும், வால்வுகள் மெல்லச் சிவந்து பாட்டு வரும்வரை அம்மாவும் நானும் பேசாமல் காத்திருப்போம். பின்கட்டில் முனிரத்தினம் எங்கள் வீட்டுக் கரண்ட் கம்பியிலேயே வெல்டிங் மெஷினை மாட்டுவார், கரண்ட் ஏறி இறங்கும், பாட்டு நடுங்கும். ஒருநாள் அப்பாவின் ஆம்ப்ளிபயர் புகைந்தே போனது. நியாயம் கேட்கப் போன அப்பாவிடம் முனிரத்தினம் எல்லோர் முன்னாலும், "வாடகை ஊட்ல கீறவனுக்குப் பாட்டு இன்னாத்துக்கு?" என்று சிரித்தார். அப்பா அதன்பிறகு பாட்டே கேட்கவில்லை.

கரண்ட் எப்படி ஆடினாலும் முந்நூறு வோல்ட்டை அசையாமல் தரும் பவர் சப்ளை செய்வதுதான் இன்று என் தொழில். அப்படி ஒன்றை அவர் பெட்டியில் மாட்டி, அவரை வரவழைத்து, ஒரு பாட்டை முழுக்கப் போட்டேன். கண்மூடிக் கேட்டவர், "துளி இரைச்சல் இல்லம்மா" என்றார்.

உடனே என் சப்ளையைக் கழற்றிக்கொண்டு பெட்டியை அவரிடம் நீட்டினேன்.

"நான் உங்க லைன் ஊட்ல இருந்த தாஸோட பொண்ணு. எட்த்துக்கினு போங்க."

அந்தச் சப்ளையைத் தரச்சொல்லிக் கெஞ்சினார். எனக்கு இரக்கமே வரவில்லை.