அப்பா நின்ற வரிசை

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிவிட்டது. இன்றைய நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு, அவருடைய மூத்த மகளாகிய நான், அப்பா எந்த நாட்டுக்காரர் என்ற கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அப்பா சிங்கப்பூரில் பிறந்தார். அடுக்குமாடி வீடு, ஒரு பக்கம் சீனக் குடும்பம், மறுபக்கம் மலாய்க் குடும்பம். யாருக்குப் பெருநாள் வந்தாலும் பலகாரத் தட்டு மற்ற வீடுகளுக்குப் போகும். மன்னாரிலிருந்து அகதியாக மொன்றியலுக்கு வந்திருந்த அம்மாவைக் கலியாணம் செய்து இங்கே வந்தார். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி அடுக்குமாடியிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. கிறிஸ்மஸ் கேக் எல்லாக் கதவுக்கும் போகும். நோன்புப் பெருநாளுக்கு மேல்மாடி அல்ஜீரியக் குடும்பத்தின் தட்டு வரும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது.

மனுசன் மனத்தால் பாதி நேரம் சிங்கப்பூரிலேதான் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஸ்நோ கொட்டும். "அங்கை இப்ப நல்ல மழைலா" என்பார், சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா' மாறாமல், நனைந்து வந்தவரைப்போல. ஒருநாள் டவுன்டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே, சிங்கப்பூர் வழக்கப்படி இடம்பிடிக்க மேசையில் டிஷ்யூ பைக்கற்றை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனார். திரும்பி வந்தால் மூன்று மாணவர்கள் அங்கே இருந்து, அவருடைய டிஷ்யூவிலேயே வாய் துடைக்கிறார்கள். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி வேறு சொன்னார்களாம்!

நாங்கள் எல்லோரும் கனடாக் குடிமக்கள். அப்பா மட்டும் நிரந்தர வதிவிட அட்டையோடு இருந்தார். கனடாக் குடியுரிமை எடுத்தால் சிங்கப்பூர்க் குடியுரிமையைக் கைவிட வேண்டும். "சின்ன வயசிலை தினமும் கொடிக்கு முன்னாலை நிண்டு குடுத்த வாக்கு. அதைத் திருப்பி எடுத்தால் நான் என்ன மனிசன்?" என்பார். அங்கே தேசிய நாள் என்றால் இங்கே கணினிக்கு முன்னால், வலக்கை முட்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். "என்ன, நெஞ்சு நோகுதோ?" என்று அம்மா சீண்டுவார்.

ஆனால் அட்டை புதுப்பிக்கிற காலம் வந்தால் அம்மா நித்திரை கொள்ளமாட்டார். அப்பா அதைப் பகிடியாகவே எடுத்தார். ஒருநாள் அம்மாவின் கைப்பையில் கண்ணாடி தேடியபோது, நாலாக மடித்த ஒரு கடதாசி அகப்பட்டது. அவருடைய அட்டையின் போட்டோக் கொப்பி.

"ஏனப்பா இது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"உங்களை ஆரும் பிடிச்சால் காட்ட."

"என்னை ஆர் பிடிக்கிறது?"

"அண்ணையும் அப்பிடித்தான் கேட்டவர்."

அம்மாவின் அண்ணை, எங்கள் மாமா, மன்னாரில் யுத்த காலத்தில் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துச் செல்லப்பட்டவர். திரும்பி வரவேயில்லை. அப்பா அந்தக் கடதாசியைப் பழையபடி மடித்து வைத்தார். அடுத்த நாள் என்னிடம் கனடாக் குடியுரிமை விண்ணப்பப் படிவம் கேட்டார்.

சிங்கப்பூரின் சிவப்புக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கோ கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மா மட்டும் விடிய விடிய நித்திரை கொண்டார்.

அப்பாவின் கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரியில் முறை வைத்து இருந்த அயலவர்களுக்கும், லொங்குய்யிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், செபித்த அனைவருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னுமொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், பெயர் தெரியாது. நோய் வருமுன் அப்பா, அம்மா, நான் மூவரும் சிங்கப்பூர் போனோம். விமான நிலையத்தில் அப்பா பழக்கத்தில் குடிமக்களின் வாயிலுக்கு நடந்து, பாதியில் நின்று, திரும்பி வந்து வெளிநாட்டவர் வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கடவுச்சீட்டு பார்க்கும் சாளரத்தில் ஒரு தமிழ்ப் பெண்.

"முதல் தடவையா அங்கிள்?"

"இந்த வரிசையிலை முதல் தரம்."

அவள் கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை நீட்டி, "வாங்க அங்கிள்" என்றாள். அப்பா அழுததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.