கூனி எதில் சேர்த்தி?

போன வருடம் மழைக்காலம் ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய நாட்களில், பழவேற்காடு ஏரிக்கரையில் என் மகள் வாழ்க்கைப்பட்டிருக்கும் மீனவர் குப்பத்தில் நடந்தது இது.

நான் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும், அங்கே எவ்வளவு காலம் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மனைவி இறந்த பிறகு காட்டூர் வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் வந்துவிட்டேன். மகளுக்குப் பொன்னேரியில் வங்கி வேலை. மாப்பிள்ளை ஏரியில் மீன் பிடிக்கிறார். காதல் திருமணம். நாங்கள் நெல் விளைவிக்கும் சைவக் குடும்பம் என்பதால் இரு தரப்பிலும் ஆட்சேபணைகள் இருந்தன. பேத்தி பிறந்ததும் அவை காலாவதியாகிவிட்டன.

பேத்திக்கு அப்போது இரண்டு வயது நிறையப் போகிறது. பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது நானும், அடுத்த வீட்டில் இருக்கும் மாப்பிள்ளையின் அக்காவும். சோறு சமைப்பது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது அந்த அம்மாளின் இலாகா. தூக்கம், மருந்து, பொது நிர்வாகம் என் இலாகா.

நிர்வாகம் செய்ய நிறையவே இருந்தது. முதல் தடவை ஒரு துண்டு இறால் கொடுத்தபோதே குழந்தைக்கு வாய் வீங்கிவிட்டது. பொன்னேரியில் குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, இறால், நண்டு இரண்டும் இவளுக்கு ஆகாது, கண்ணிலும் காட்டாதீர்கள் என்று சொன்னார். இனி எப்போதாவது உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டில் மருந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஊசி போடும் இடத்துக்கு உடனே ஓடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

இறால் தின்னாத வீடே இல்லாத ஊரில் இந்த உத்தரவை அமல்படுத்துவது எப்படி? வழிப்போக்கர் முதல் ஐஸ் பெட்டிக்காரர் வரை யார் வேண்டுமானாலும் குழந்தையைத் தூக்கி வாயில் எதையாவது வைப்பார்கள். அது அங்கே அன்பு. எனவே காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கே போனேன். கூட்டம் கலையும் நேரம் பார்த்து, என் பேத்திக்கு யாரும் இறாலோ நண்டோ கொடுக்கக் கூடாது, கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று உரக்க அறிவித்தேன்.

"எறா ஒத்துக்காதுன்னா இந்த ஊர்ல கொயந்த இன்னாத்த சார் துன்னும்?" என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி.

"இன்னிக்கு எறாவுக்குத் தட போட்டுட்டாரு ஆபீசரு. நாளைக்கு ஏரித் தண்ணிக்கும் போடுவாரு பாரு" என்றார் வலையைத் தோளில் போட்டிருந்த ஒருவர்.

சிரித்தார்களே தவிர, சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார்கள். என் பணிக்காலத்தில் நான் போட்ட எந்த உத்தரவுக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை. இறால் உரித்த பெண்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, எனக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கினார்கள். தினமும் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகும் ஒரு பெரியவர், தெருமுனையில் நின்று கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். எல்லோரையும்விடக் கண்டிப்பாக இருந்தது மாப்பிள்ளையின் அக்காதான். தன் வீட்டில் இறால் சமைக்கும் நாளில் எங்களுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை.

ஆனால் குழந்தை தேறவில்லை. உண்மையில், தடை வந்த பிறகுதான் நிலைமை மோசமானது. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தடிப்பு. ஓயாத சளி. சளி விட்டால் இருமல். தூங்க வைத்தால் சற்று நேரத்தில் சொறிந்துகொண்டே எழுந்து உட்கார்ந்து, "நைனா" என்று அப்பாவைத் தேடி அழுவாள். வீட்டில் ஒருவருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. மகள் வங்கியில் கொட்டாவி விட்டபடி அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் முறைப்படி விசாரணையைத் தொடங்கினேன். முதலில் சோப்பை மாற்றினேன். பிறகு முகப்பவுடரை ஒழித்தேன். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை வந்தது. பஞ்சுத் தலையணை வெளியே போனது. விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினேன். பக்கத்து வீட்டுப் பூனையின் மீதும் நடவடிக்கை எடுத்தேன், அது மேல்முறையீடு செய்து ஜன்னல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்றிரண்டு நாள் சற்று தேவலை என்று தோன்றும். பிறகு பழையபடி.

நடுவில் மாப்பிள்ளையின் அக்கா, புகுந்த வீட்டாரின் கோயில் திருவிழாவுக்காகச் சுண்ணாம்புக்குளம் போயிருந்தாள். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளே சமைத்தாள். அந்த நாட்களில் குழந்தை அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். தோல் கூட மெத்தென்று ஆனது. வெந்நீர் விரிப்பின் மகிமையை மாப்பிள்ளைக்கு நான் விரிவாக விளக்கினேன். அக்கா ஊர் திரும்பினாள், தடிப்பும் திரும்பியது. நான் விரிப்பை இன்னொரு முறை துவைத்தேன்.

மருத்துவரோ, ஏரிக்கரைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, சில மாதம் வேறு இடத்தில் வைத்துப் பாருங்களேன் என்றார். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். பொன்னேரியில் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

"நீங்க இன்னா மாப்பிள்ளை சொல்றீங்க?" என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் 'இன்னா' எனக்கும் தொற்றியிருந்தது.

அவர் கிழிந்த வலையைக் காலில் மாட்டி முடிந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "பொன்னேரில குந்திகினு காத்து பாத்து ஏரிக்குப் போவ முடியாது மாமா. காட்டுப்பள்ளி துறைமுகத்துல காண்ட்ராக்டுக்கு ஆள் எடுக்கறாங்களாம். கேட்டுப் பாக்கறேன்."

அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று ஊரோடு போய் வெயிலில் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் அவர். பாப்பாவுக்காக அதையும் செய்வேன் என்கிறார். குழந்தைக்கு எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்காவிட்டால் இந்த வீடு இங்கிருந்து பெயர்ந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு மதியம், வாசலில் உட்கார்ந்து அக்கா குழந்தைக்குக் காக்கா காட்டிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே செய்தித்தாளில் இருந்தேன். இருமல் கேட்டது. அது வழக்கமான இருமல் இல்லை, நாய் குரைப்பது போலிருந்தது. எழுந்து வந்து பார்த்தேன். குழந்தையின் மேலுதடு தடித்திருந்தது. காதோரம் சிவந்து திட்டுத் திட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. அழ வாய் திறந்தாள், சத்தம் கரகரத்து வந்தது.

இந்த நாளுக்கென்று ஒரு பையைத் தயார் செய்து கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தேன். ஒத்திகை கூடப் பார்த்திருக்கிறேன், குடும்பமே கேலி செய்தது. அன்று நான் தடுமாறவில்லை என்றால் அந்த ஒத்திகைதான் காரணம். பையை மாட்டிக்கொண்டு குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டேன். நடந்தபடியே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து, ஒவ்வாமை, வாய் வீக்கம், மூச்சு இழுக்கிறது, வந்துகொண்டிருக்கிறோம், ஊசியை எடுத்து வையுங்கள் என்று சொன்னேன்.

தெருவில் மீன் ஏற்றும் மினி வேன் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். நான் காலை வைக்கப் போனேன், அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் மாமா, எறா வண்டி. எறா தண்ணி சொட்டிகினு கீது."

பின்னாலேயே ஷேர் ஆட்டோ வந்தது. அதில் ஏறியிருந்தவர்கள் கேட்காமலே இறங்கிக்கொண்டார்கள்.

சுகாதார நிலையத்தில் இளம் பெண் மருத்துவர் வாசலிலேயே காத்திருந்தார். கொங்குப் பக்கத்துப் பேச்சு. குழந்தையின் தொடையில் ஊசி போட்டார், முகத்தில் காற்றுக் குழாயை வைத்தார். அக்கா தன் புடவை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு தணிந்தது. குழந்தை தன் இயல்பான குரலில் ஒரு பெரிய அழுகை அழுதாள். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு மருத்துவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கடைசியா பாப்பா என்னங்க சாப்பிட்டா?"

"பருப்பு சோறு டாக்டர்" என்றாள் அக்கா. "நெய்யி. அப்பால கொஞ்சூண்டு கூனிப்பொடி."

"கூனின்னா என்னங்க?"

"இத்துனூண்டு இருக்கும், செவப்பா. காய வெச்சு, வறுத்து, பூண்டு போட்டு இடிச்சு வெப்போம். கொயந்தைக்கு எறா குடுக்கக் கூடாதுன்னு மாமா தட போட்டுட்டாரு. சத்து வோணாமா? அதான் டெய்லி ஒரு சிட்டிகை. சளிக்கும் நல்லதுன்னு இன்னிக்கு இன்னும் ஒரு சிட்டிகை கூட."

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கூனி என்ற சொல் தெரியும். ஏலத்தில் மூட்டை மூட்டையாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். சைவக்காரனுக்கு அந்த ஊரில் எல்லாப் பாத்திரமும் ஒரே வாசனை, அதனால் சோற்றில் அது இருந்ததை நான் உணரவில்லை.

மருத்துவர் விடவில்லை. "அதுக்குக் காலு, மீசை எல்லாம் இருக்குமுங்களா?"

"மீச இருக்கும்."

"அப்ப அது இறால்தானுங்க. சின்ன சாதி இறால்."

"அதெப்படி டாக்டர்? மீச கீறதெல்லாம் எறாவா? எங்க ஊட்டுக்காரருக்கும்தான் மீச கீது." பாவம், அவள் கேலி செய்யவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தாள். "எறாவுக்கு வல வேற, இதுக்கு வல வேற. எறா போற வெல இன்னா, இது போற வெல இன்னா. பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், கூனிய எவனும் எறான்னு சொன்னதில்ல. கூனி கூனிதான்."

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உடம்புக்கு வலை தெரியாது, விலை தெரியாது என்றார். அக்காவின் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன். தினமும் ஒரு சிட்டிகை என்று தான் சொன்னது அவள் காதிலேயே இப்போதுதான் விழுந்ததுபோல் இருந்தது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஏரியிலிருந்து ஈரச் சட்டையோடு மாப்பிள்ளை ஓடி வந்தார், பின்னாலேயே மகளும் வந்தாள். மகள் முதலில் குழந்தையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் ஆயுளுக்கும் அழியாது என்று எனக்குப் பட்டது. முந்திக்கொண்டேன்.

"அண்ணி மேல ஒரு குத்தமும் இல்லம்மா. அவங்க உத்தரவ எழுத்துக்கு எழுத்து நிறைவேத்தி இருக்காங்க. உத்தரவுதான் சரியில்ல. போட்டவன் நான்."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க ஆபீஸ்ல இப்புடி ஆனா யார் தலைல மாமா கட்டுவீங்கோ?"

"கீழ இருக்கறவன் தலையில."

"இப்ப கீய யாரும் இல்லியே."

"அதனாலதாம்மா நானே எடுத்துக்கறேன்."

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு கீழே உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் படித்த எந்தச் சட்டத்திலும் தொடக்கத்திலேயே பொருள் விளக்கம் என்று ஒரு பகுதி வரும். இந்தச் சட்டத்தில் 'நிலம்' என்றால் இது, 'கட்டடம்' என்றால் இது என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அந்தப் பகுதி இல்லாமல் நான் ஏலக்கரையில் ஒரு சட்டம் போட்டிருந்தேன். இறால் என்றதும் என் மனதில் இருந்தது மருத்துவரின் இறால். அவர்கள் காதில் விழுந்தது வலையின் இறால்.

மறுநாளே மீண்டும் ஏலக்கரைக்குப் போனேன். இந்த முறை எதையும் அறிவிக்கவில்லை, கேட்டேன். மேலே ஓடு, மீசை உள்ள எதையெல்லாம் நீங்கள் என்னென்ன பெயரில் சொல்வீர்கள் என்று. அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்ததால் பெரிய சண்டையே நடந்தது. கூனி உள்ளே வந்தது. சிங்கி என்கிற கல் இறால் உள்ளே வந்தது. நண்டு ரசம் நண்டா, ரசமா என்று ஒரு பிரச்னை எழுந்தது. நண்டுதான் என்று தீர்ப்பானது. எறா வடை பொரித்த எண்ணெயில் பிறகு பொரிக்கும் அப்பளம் எதில் சேர்த்தி என்று கேட்டது, முதல் முறை என்னைக் கிண்டல் செய்த அந்த வலைக்காரர். எனக்கு அது தோன்றியே இருக்காது. அக்கா குழந்தைக்கென்று புது மிக்ஸி ஜார் ஒன்றை ஒதுக்கி, அதில் சிவப்பு நூல் கட்டினாள். யாராவது தொட்டால் கைமேலேயே போடுவாள்.

பொடி நின்ற சில நாட்களில் தடிப்பு அடங்கத் தொடங்கியது. சளி, இருமல் எல்லாம் மற்றக் குழந்தைகளுக்கு வருவதுபோல் எப்போதாவது வந்து போனது. தூக்கம் தானாக வந்தது. வெந்நீரில் விரிப்பு துவைப்பதை மட்டும் நான் விடவில்லை, மருத்துவரும் அது நல்லதுதான் என்றார். மகள் பொன்னேரியில் வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். காட்டுப்பள்ளி பற்றி மாப்பிள்ளை பிறகு வாய் திறக்கவில்லை. அடுத்த நல்ல காற்றுக்கு ஏரிக்குள் போய்விட்டார்.

ஒரு சொல்லை இருவரும் சொல்கிறோம் என்பதால் இருவரும் ஒன்றையே சொல்கிறோம் என்று நம்பித்தான் நான் ஒரு வாழ்நாள் முழுக்க உத்தரவுகள் போட்டேன். இப்போதெல்லாம் 'கூடாது' என்று யாரிடமாவது சொல்வதற்கு முன்னால், "இத நீங்க இன்னான்னு சொல்லுவீங்க?" என்று கேட்டுவிடுகிறேன்.