சாவிக்குக் கிடைத்த பேர்

போன மாதம் ஜோர்ஜ் டவுன் பாசாரில், மீன் கடைக்கு முன்னால் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தார். "சாவி, சாவி" என்று நாலு பேர் பாக்கெட்டைத் தடவினார்களே தவிர, ஈரச் சிமெண்டில் மோதிக்கொண்டிருந்த தலைக்குக் கீழே ஒருவரும் கை வைக்கவில்லை. நான் வைத்தேன். வைத்துக்கொண்டே திட்டினேன். ஐம்பதை நெருங்கும் வயதில் இதற்கு இவ்வளவு கோபமா என்றால், ஆமாம், இவ்வளவு கோபம்தான். பத்தொன்பது வயதில் பற்றிக்கொண்டது. இன்னும் அணையவில்லை.

அந்த வயதில் எனக்கு அவசர மருத்துவ உதவிக்கான ஆரம்ப வகுப்பில் இடம் கிடைத்தது. புக்கிட் மெர்தாஜாமில், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். முன்கூட்டியே படித்துவிட்டு வரச் சொல்லி ஒரு கையேடு அனுப்பியிருந்தார்கள். போட்டோகாப்பி, பாதிப் பக்கங்களில் மை அப்பிக் கிடந்தது. இரத்தம், எலும்பு, மூச்சு, தீக்காயம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே பக்கத்தில் நின்றேன். வலிப்பு. தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வை. வாயில் எதையும் திணிக்காதே. மணி பார். நடுக்கம் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவை. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்சைக் கூப்பிடு.

என் தங்கைக்கு வலிப்பு உண்டு. அப்போது அவளுக்குப் பதினைந்து. மருந்து சாப்பிட்டும் எப்போதாவது வரும். வந்தால் எங்கள் வீட்டு வைத்தியம் இரும்பு. அப்பா பாயான் பாரு தொழிற்சாலை பஸ் ஓட்டினார். பஸ் சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பார். பற்களுக்கு நடுவே கரண்டியை நுழைப்பார். ஒரு தடவை அந்தக் கரண்டி அவள் முன்பல்லில் பாதியைக் கொண்டுபோயிற்று. அதற்கு அடுத்த தடவை சாவி பஸ்ஸிலேயே இருந்துவிட்டது. எங்கள் வீடு இருந்த ஒன்பதாம் மாடியிலிருந்து அப்பா இறங்கி ஓடி எடுத்து வருவதற்குள், ஆளில்லாத வீட்டில் அவள் தலை மேசைக் காலில் மோதி மோதிப் புடைத்திருந்தது. சாவி வந்தபோது வலிப்பு போய்விட்டிருந்தது. "பாத்தியா, இரும்பு வந்ததும் நின்னுருச்சு," என்றார் அப்பா. வந்தது பிறகு, நின்றது முன்பு. அதைக்கூடவா பார்க்க மாட்டார்கள்?

எனக்கு ஒரு வாரம் இருந்தது. நான் போன பிறகு, அம்மா ஷிப்டுக்குப் போகும் நேரமெல்லாம் அவள் அப்பாவின் கையில். அந்தக் கையிலிருந்து சாவியை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தங்கையைத் தரையில் படுக்கச் சொன்னேன். "வலிப்பு வந்தா எப்படி இருப்பியோ, அப்படிக் கை கால ஆட்டு."

"எப்படி இருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அப்ப அங்க இருக்க மாட்டேனே."

நான் கையேட்டைத் திரும்பப் புரட்டினேன்.

அப்பா நாற்காலியில் சாய்ந்து, பாசாரில் இறாலுக்குப் பேரம் பேசுவதைப் போலப் பேசினார். "சரிலா, கரண்டி வேணாம், விட்ருவோம். சாவி பாட்டுக்குக் கையில இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கென்னா?"

"சாவியத் தேடுற நேரத்துல தலைய யாருப்பா பாக்குறது?"

"இன்னும் கிளாசுக்கே போகல, அதுக்குள்ள டாக்டராயிட்டா."

"டாக்டர் இல்லப்பா, ஆம்புலன்ஸ்," என்றாள் தங்கை படுத்தபடியே. "சத்தம் மட்டும் வருது."

ஏழு நாளும் கத்தினேன். சோற்றுக்கு முன், சோற்றுக்குப் பின், அவர் சவரம் செய்யும்போது கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்து. அவர் மழித்துக்கொண்டே இருந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள், ஞாயிறு மதியம். அம்மா வேலைக்குப் போயிருந்தார். சாப்பிடும்போது, சம்பல் கிண்ணத்தைத் தன் பக்கம் தள்ளச் சொல்ல வாயெடுத்த தங்கை பாதிச் சொல்லில் நின்றாள். தட்டு உருண்டது. அவளும் சரிந்தாள்.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்கு ஓடினேன். ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தைப் பிடுங்கி வந்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். ஏழு நாள் கத்திய வாய் என்னிடம்தான் இருந்தது. கை அதைக் கேட்கவில்லை. அப்பாதான் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, தோள் துண்டை மடித்து அவள் தலைக்குக் கீழே கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிசம்... ஒன்ற..." பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்லுகிற அதே குரல். நடுக்கம் தளர்ந்ததும் அவளை மெல்ல ஒருக்களித்தார்.

வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஆன்ட்டி நின்றிருந்தார். "நல்ல வேள, பெரியவ வீட்ல இருந்தா. சாவியக் குடுத்தா, நின்னுருச்சு பாருங்க."

"சாவி இல்ல ஆன்ட்டி. அப்பாதான்."

"அவரு என்னா செஞ்சாரு? உக்காந்து மணிதான பாத்தாரு."

என் காது சுட்டது. அப்பா தங்கையின் வாயோரத்து எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து அவள் கண் தெளிந்து, தன் கையைப் பார்த்தாள். "யாரு இத வெச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எவ்ளோ நேரம்பா இருந்துச்சு?"

"ரெண்டு நிமிசம், இருவது செகண்டு."

அதுவரை அந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சாவியை என் பக்கம் தள்ளினாள்.

"நீ நாளைக்குக் கிளாசுக்குப் போக்கா. உனக்குத்தான் இன்னும் படிக்க வேண்டியிருக்கு. எனக்கு அப்பா போதும்."