ஸ்டோர் ரூம் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு

வீட்டு பிளான் போடுவது என் தொழில். ஆனால் பூந்தமல்லியில் என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க வருகிறவர்கள்தான். நீங்களும் வீட்டில் ஒரு இடிப்பு நோட்டீஸை மடித்து வைத்திருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

கட்டின பிறகு

நசரத்பேட்டை எஸ்தர் அக்கா அப்படித்தான் வந்தார். ஆவடியில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் கணவருக்குப் பக்கவாதம். சர்ச்சுக்குப் போக முடியாத மனுஷனுக்காக, வீட்டுப் பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய சந்தில் ஷீட் போட்டு ஒரு ஜெப அறை கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தெருக்காரர்கள் வந்து அவரோடு சேர்ந்து பாடுவார்கள். யாரோ புகார் கொடுக்க, இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"ஜெபம் பண்ற எடத்துக்கு இன்னாத்துக்கு தம்பி பர்மிஷனு?"

என் புத்திசாலித்தனம்

ஜெப அறை என்றால் கூட்டம் கூடும் இடம், விடமாட்டார்கள். சாமான் போடும் அறை என்றால் சின்ன மீறல், அப்பீலில் தப்பிக்க வழியுண்டு. அதனால் 'ஸ்டோர் ரூம்' என்றே எழுதினேன். சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றச் சொல்லி, அரிசி மூட்டை, உடைந்த கட்டில், பழைய சைக்கிள் எல்லாவற்றையும் உள்ளே போட வைத்தேன். அக்காவின் கணவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் வந்தது.

"சிலுவைய மட்டும் கவுத்து வெக்காத தம்பி."

அளக்க வந்தவர்

அப்பீலுக்காக இடத்தைப் பார்க்க அதிகாரி வந்தார். மூட்டையை நம்பினார், கட்டிலையும் நம்பினார். ஷூவோடு உள்ளே நின்று டேப்பை இழுத்தவர், தற்செயலாக வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அக்காவின் செருப்பு கிடந்தது. பக்கத்திலேயே என் செருப்பும். அந்த அறைக்குப் பலமுறை போய்வந்த பழக்கத்தில் கழற்றியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"ஸ்டோர் ரூமுக்கு எதுக்கு சார் செருப்ப கழட்டுறீங்க?"

இடித்த பிறகு

அதற்கு மேல் அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. ஜெபம் பண்ணுகிற இடம்தான் என்று ஒப்புக்கொண்டார். அப்பீல் தள்ளுபடி ஆனது. உள்ளதை உள்ளபடி எழுதி, உடம்பு முடியாதவருக்காக என்று கேட்டிருந்தால் ஒருவேளை அந்த அறை நின்றிருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இடித்த பிறகு ஒரு மத்தியானம் போனேன். அக்காவின் கணவர் ஹால் ஜன்னலோரம் உட்கார்ந்து, அறை இருந்த சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி வெளியே நடந்தேன். கதவு இருந்த இடம் வந்ததும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. பின்னாலேயே வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"செருப்ப போட்டுக்கோ தம்பி, காலு சுடும். இப்ப இது வெறும் சந்துதான்."

நோட்டீஸோடு வருகிறவர்களே, அப்பீல் எழுத என் மூளையை ரொம்ப நம்பிவிடாதீர்கள், என் காலுக்கு இருக்கிற நேர்மை அதற்கு இல்லை.